யாரும் தொடாத பகல்

டாக்டர் நாடி பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், தலையை அசைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அவர் நகர்ந்ததுதான் தாமதம், மகள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சிஸ்டர், இனிமே எங்கப்பாவை யாரும் தொடக் கூடாது. சாயங்காலம் வரைக்கும்.”

போர்வையை முகத்துக்கு மேல் இழுக்கக் கையை நீட்டியிருந்த தலைமை நர்ஸ் அப்படியே நின்றார். நெற்றிவரை இறக்கிக் கட்டிய வெள்ளை முக்காடு. வார்டையே கண்ணசைவில் நடத்துகிற ஆள். எதிர்த்துப் பேசுகிறவர்கள் அவருக்கு அபூர்வம்.

“யார் சொன்னது?”

“அவரேதான். உயிரோட இருக்கும்போது.”

அப்பா ஞானஸ்நானம் பெற்றவர், சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கப் போனார். போன இடத்தில் பல் டாக்டரம்மாவோடு பேச்சுக் கொடுத்து, அந்த அம்மாள் வீட்டு மாடியில் நடக்கும் தியானக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, வருஷம் திரும்புவதற்குள் பௌத்தராகிவிட்டார். “பல்லோட பழைய மதத்தையும் பிடுங்கிட்டு வந்துட்டீங்களேப்பா” என்று மகள் கேலி செய்வாள். அவளுக்கு இதிலும் நம்பிக்கை இல்லை, அதிலும் இல்லை.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் விளக்கினார். மூச்சு நின்றதும் உணர்வு உடனே எழுந்து போய்விடாது, ஏழெட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு நிதானமாகத்தான் உடம்பை விட்டுக் கிளம்பும், அந்த நேரத்தில் யாராவது தொட்டாலோ கதறினாலோ அதற்குத் தடுமாற்றம் என்றார். “வீட்டைக் காலி பண்றவன் சாமான் கட்டிட்டிருக்கான். அப்பப் போய்ச் சட்டையைப் பிடிச்சு இழுத்தா எப்படி?”

“கவலையே படாதீங்க. வாசல்ல நான் நிக்கிறேன். ஒரு ஈ உள்ள வராது.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. “சொல்லிட்டே. மாறக் கூடாது, ஆணி.”

ஆணி என்பது அவர் வைத்த பட்டப்பெயர். அடித்த இடத்தில் நிற்கிறவள் என்று அர்த்தம். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய நாள் இன்றைக்கு வந்திருந்தது.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரும்மா. எங்க மார்க்கத்துல சீக்கிரம் குளிப்பாட்டி, சீக்கிரம் அடக்கம் பண்றதுதான் போறவங்களுக்குச் செய்யிற மரியாதை. இப்படிப் போட்டு வெச்சா எனக்கே மனசு கேக்காது. அது கிடக்கட்டும், வராந்தாவுல ஒருத்தர் ஸ்ட்ரெச்சர்லயே கிடக்கார். அவருக்குக் கட்டில் வேணும்.”

இதற்குப் பதில் தேடுவதற்குள் அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. கைப்பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறக்க, “தம்பீ!” என்று பாய்ந்து வந்தவளை மகள் குறுக்கே விழுந்து மறித்தாள்.

“அத்தை, தொடாதீங்க. சத்தமும் வேணாம்.”

“என்னடி பேசுற? என் தம்பியை நான் தொடக் கூடாதா?”

“சாயங்காலம் தொடலாம்.”

“சாயங்காலம் அவன் எழுந்து உக்காந்து என்கூடப் பேசப் போறானா?” அத்தையின் பார்வை அப்பாவின் முகத்துக்குப் போனது. ஜன்னலுக்கு வெளியே உள்ள மரத்தைப் பார்க்க வேண்டும் என்று காலையில் கேட்டதால் மகள்தான் கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தாள். இமை மூடியிருந்தது, கண்ணாடி மட்டும் மூக்கின்மேல் இருந்தது. “அடிப்பாவி, அந்தக் கண்ணாடியையாவது கழட்டுடி. எந்த மகராசன் கண்ணாடி போட்டுக்கிட்டு மேல போனான்?”

“போகட்டும். வழி நல்லாத் தெரியும்.”

பக்கத்துக் கட்டில்காரர் இருமுவதுபோலச் சிரிப்பை அடக்கினார். அத்தைக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“ஞானஸ்நானத்தன்னிக்கு இவனைக் கையில ஏந்திட்டு நின்னது நான். நானே சின்னப் பொண்ணு. உச்சந்தலைல தண்ணி பட்டதும் வீல்னு கத்தினான் பாரு, கீழ போட்டுருவேனோன்னு நடுங்கிட்டேன். அந்தத் தலையைத் தொட எனக்கு நீ உத்தரவு குடுக்கணுமா? நீ நம்புறியாடி இதையெல்லாம்?”

“இல்லை.”

“அப்புறம் என்ன?”

“நானா போறேன் அத்தை? அவர்தானே போறார்.”

மகள் நர்ஸின் பக்கம் திரும்பினாள். “சிஸ்டர், அந்தக் கோடியில துணி வைக்கிற அறை இருக்கே. அங்க ஒரு பழைய கட்டில்மேல போர்வை அடுக்கியிருக்கு, பார்த்தேன். அதை இங்க கொண்டுவந்துடலாம். எங்கப்பாவைக் கட்டிலோட அங்க தள்ளிட்டுப் போயிடறேன். வந்தவருக்குக் கட்டிலும் ஆச்சு.”

“தள்ளும்போது குலுங்குமே?”

“குலுங்காது. அது என் பொறுப்பு.”

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைத் தொடாமல் இருப்பதுதான் அவள் பிழைப்பு. கற்றுக்கொள்கிறவன் தடுமாறினாலும் கை மடியைவிட்டு எழக் கூடாது. எழுந்தால் அவன் ஒருநாளும் தானாக ஓட்ட மாட்டான்.

நர்ஸ் யோசித்தார். பிறகு, “அந்த அறையிலதான் நான் தொழுவேன். சரி, மூலையில எனக்குக் கொஞ்சம் இடம் விடுங்க” என்றார்.

ஆட்கள் பழைய கட்டிலை வெளியே எடுத்தார்கள். மகள் காலால் சக்கரப் பூட்டைத் தட்டிவிட்டு, தலைமாட்டுக் கம்பியைப் பிடித்துத் தள்ளினாள். முதல் கியரில் ஏற்றம் ஏறுகிற வண்டியைப் போலக் கட்டில் நகர்ந்தது. நர்ஸ் முன்னால் போய்க் கதவுகளைத் திறந்து பிடித்தார். அத்தை கூடவே, கைகளைத் தன் அக்குளுக்குள் திணித்துக்கொண்டு நடந்தாள். வெளியே விட்டால் அவை சொன்ன பேச்சைக் கேட்காது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

துணி அறையின் வாசலில் விரற்கடை உயரத்துக்கு ஒரு நிலைப்படி இருந்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்சக்கரத்தை ஏற்றினாள், இறக்கினாள். பின்சக்கரம் ஏறும்போது லேசாக ஒரு தட்டு. கண்ணாடி சரிந்து மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

வீட்டில் பேப்பர் படிக்கும்போது அது இப்படித்தான் சரியும். போகிற போக்கில் ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டுப் போவாள். அந்தப் பழக்கத்தில் இப்போதும் விரல் போய்விட்டது. கண்ணாடியைத் தொட ஒரு நெல்லளவு இடம் இருக்கும்போது அவள் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள்.

அத்தை.

“தொடாதே. நீதானே சொன்னே?”

“கண்ணாடி…”

“சரியட்டும். ஊரையெல்லாம் நிறுத்திவெச்சுட்டு நீ தொட்டா ஆச்சா?”

மகள் விரலை மடக்கிக்கொண்டாள். அதன் பிறகுதான் அத்தை பிடியை விட்டாள்.

சலவைப் பொடி மணக்கிற அந்த அறையில் பகல் மெல்ல நகர்ந்தது. செய்தி கேட்டுப் பல் டாக்டரம்மா வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்து, தாழ்ந்த குரலில் ஓதத் தொடங்கினார்.

“இந்தம்மாதான் என் தம்பியைக் கெடுத்தது” என்றாள் அத்தை.

“நான் பல்லைத்தாம்மா எடுத்தேன்” என்றார் அவர். பிறகு, “உங்க பாட்டும் பாடலாம். அழாமப் பாட முடிஞ்சாப் பாடுங்க. அவருக்குத் தெரிஞ்ச பாட்டுதானே.”

அத்தை சர்ச்சில் தம்பியோடு பாடிய பாட்டைப் பாடினாள். மூன்றாவது அடியில் குரல் உடைந்தது. சட்டென்று எழுந்து வெளியே போய், மாடிப்படி தாண்டிக் காது கேட்காத தூரத்தில் நின்று ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, விட்ட அடியிலிருந்து தொடர்ந்தாள். மதியம் நர்ஸ் வந்தார். அலமாரியில் மடித்திருந்த தன் விரிப்பை மூலையில் போட்டுத் தொழுதார், மடித்துவைத்தார், சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். மகள் இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி இருந்தாள். அத்தை நீட்டிய டீ ஆறியது.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கியதும் டாக்டரம்மா ஓதுவதை நிறுத்தினார்.

“இனிமே தொடலாம். ஆனா முதல்ல உச்சந்தலையைத் தொடணும். உணர்வு வெளியே போக நல்ல வழி அதுதான்னு சொல்லுவோம். அப்புறம் மத்ததெல்லாம்.” அவர் மகளைப் பார்த்தார். காலையிலிருந்து காத்துக்கிடந்த கை அது.

மகள் எழுந்தாள். நாற்காலியைப் பின்னால் இழுத்து வழிவிட்டாள்.

“அத்தை, நீங்க.”

“நானா? நான் சர்ச்சுக்காரி. உங்கப்பா ஒத்துக்குவானா?”

“அன்னிக்கு ஏந்தின கைதானே. வாங்க.”

அத்தை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். முழு உள்ளங்கையையும் தம்பியின் உச்சந்தலையில் வைத்தாள். எதையோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறவளைப் போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

“இந்தத் தடவை கத்தலைடி” என்றாள்.

மகள் கண்ணாடியைக் கழற்றினாள். மூக்கின் இரண்டு பக்கமும் பதிந்திருந்த தடத்தை விரலால் ஒருமுறை நீவிவிட்டாள். பிறகு கதவைத் திறந்து வைத்தாள்.

“சிஸ்டர், வாங்க. குளிப்பாட்டலாம்.”