அரை அடி முன்னால்

இருபது வருடங்களுக்கு முன், குடும்பமாகப் பூங்காவுக்குப் போனபோது நடந்த ஓட்டப்பந்தயத்தில் தன் தம்பியை ஜெயித்ததாக அம்மா சொல்வாள். மாமாவோ தான்தான் ஜெயித்ததாக, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பார். அந்தப் பந்தயத்தைப் படமெடுத்திருந்த வீடியோ டிஸ்க்கில் கீறல் விழுந்திருந்ததால், முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்பே படம் நின்றுவிடும். சரிசெய்யக் கொடுத்த கடைக்காரர்களும் கைவிரித்தார்கள்.

நான் டிஸ்க்கைத் துடைத்து, கணினியில் மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன். ஐந்தாவது முயற்சியில் முழுப் படமும் கோப்பாக இறங்கியது. கடைசி நொடியை மட்டும் வெட்டியெடுத்து, வேகத்தைக் குறைத்து, மாமாவை வரவழைத்து டிவியில் போட்டேன்.

அம்மாவின் கால் அரை அடி முன்னால் கோட்டைத் தாண்டியது.

"இன்னொரு தடவ போடு," என்றார் மாமா. போட்டேன்.

"சரிக்கா, நீதான் ஜெயிச்சே."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "இத எல்லாருக்கும் அனுப்புடி. மொதல்ல இவன் பொண்டாட்டிக்கு."