சும்மா ஓடுவது

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஆம்பியர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மோட்டாரைக் காட்டினாலும் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது ஒம்பது ஆம்பியர் இழுக்குது" என்பார். அளந்து பார்த்தால் ஒன்பதுதான் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்த வீட்டுக் கணக்கில் கோட்டை விட்டாரே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மனைவிக்கு நுரையீரல் சுருங்கிப்போகும் நோய். கட்டிலுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓர் ஆக்சிஜன் மிஷின் நின்றது. அதிலிருந்து வரும் குழாய் அவள் மூக்கில் இருக்கும். "இருபத்தி நாலு மணி நேரமும் ஓடணும். கழட்டினா இதயத்துக்குத்தான் அடி" என்று டாக்டர் ஆம்பியரிடம் சொல்லியிருந்தார். மிஷின் மட்டுமே ஒரு நாளைக்கு எட்டரை யூனிட் தின்றது.

அந்த நேரம் பார்த்துத்தானா வீட்டுக்கு வீடு புது மீட்டர் மாட்ட வேண்டும்! மாதத்துக்கு முந்நூறு யூனிட். அதைத் தாண்டினால் மீட்டர் தானாகவே கரண்டை நிறுத்திவிடும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் திரும்ப வரும். நோயாளி இருக்கிற வீட்டுக்குக் கூடுதல் யூனிட் உண்டு, மனு கொடுங்கள் என்றார்கள். கொடுத்தார். கிணற்றில் போட்ட கல் மாதிரி அது மின்சார அலுவலகத்தில் கிடந்தது.

முதல் மாதம் இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் எல்லாம் நின்றது. மிஷின் கூவென்று கத்திவிட்டு ஓய்ந்தது. அவள் உதடு நீலம் பாரித்தது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்று மாடி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒன்றாம் தேதி வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கட்டிலும், சுவரில் ஓர் ஆக்சிஜன் குழாயும் கிடைத்தன. இன்னொரு தடவை இப்படி நடந்தால் தாங்கமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

வீடு திரும்பியதும் மனைவியையும் கல்லூரியில் படிக்கிற மகளையும் வைத்துக்கொண்டு பேசினார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. ஒரு நாளைக்குப் பத்து யூனிட். மிஷினுக்கு எட்டரை. மிச்சம் ஒண்ணரையிலதான் குடும்பம் நடக்கணும். இனிமே இந்த வீட்டுல சும்மா எதுவும் ஓடக் கூடாது."

"நான்கூட சும்மாதான்ப்பா இருக்கேன். என்னையும் ஆஃப் பண்ணிடுவீங்களா?" என்றாள் மகள்.

அம்மாக்காரிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஆம்பியர் இறங்கினால் அரைகுறையாக இறங்குகிற ஆள் இல்லை. ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து வைத்தார். அதற்குள் மகளின் புத்தகங்கள் போய் உட்கார்ந்தன. வாஷிங் மிஷினுக்கு மேல் துணி போர்த்தினார். இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போயிற்று. டிவியின் சிவப்புப் புள்ளிகூட அவர் கண்ணில் உறுத்தியது, பிளக்கையே பிடுங்கினார். அறைக்கு ஒரு பல்பு, வீட்டுக்கு ஒரே ஃபேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். மகள் செல்போனை சார்ஜில் போட்டுவிட்டு மறந்தால், "சும்மா ஓடுது பார்!" என்று சமையலறையிலிருந்தே சத்தம் வரும்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் மீட்டரைப் பார்ப்பார். முதல் வாரம் பத்து, பத்தேகால் என்று இழுபறியாக இருந்தது. இரண்டாவது வாரம் திடீரென்று ஆறு. மறுநாளும் ஆறு. ஆம்பியருக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்படிப்பா இவ்வளவு குறைஞ்சுது?" என்று மகள் கேட்டாள்.

"அதுக்கெல்லாம் கை வேணும்மா" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மனைவி படுத்தபடியே அவரைப் பார்த்துச் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு புருஷன் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் கால் வீங்கியது. உப்பு அதிகம் என்றார் ஆம்பியர். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றார். மாதம் முடிந்தது, கரண்ட் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வேலையிடத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மிஷினின் பில்டரை ஞாயிற்றுக்கிழமைதோறும் கழுவுவது அவர் வேலை. நாலு ஞாயிறாக ஒரு பெரிய கட்டிடத்தில் லிஃப்ட் பழுது என்று ஓடிக்கொண்டிருந்ததால் மகள்தான் கழுவினாள். ஐந்தாவது ஞாயிறு காலையில் அவரே மிஷினைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பின்பக்கம், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. லிஃப்ட் மோட்டாரில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அல்லவா, தானாக அங்கே போயிற்று. 2670. பக்கத்தில் டேப் ஒட்டி, கடைசியாக அவர் கழுவிய அன்று பென்சிலால் எழுதி வைத்தது 2110.

முப்பத்தைந்து நாள். எண்ணூற்று நாற்பது மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். ஓடியது ஐந்நூற்று அறுபது. இருநூற்றெண்பது மணி நேரத்தைக் காணவில்லை.

அப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தது. மிஷின் மட்டுமே எட்டரை யூனிட் ஆயிற்றே; மொத்த வீட்டுக்கும் எப்படி ஆறு வரும்? பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். ஆம்பியராம் ஆம்பியர்! ஆறு என்று பார்த்த சந்தோஷத்தில் அவருக்குக் கழித்தல் கணக்கே மறந்துபோயிருந்தது.

"மிஷினை நிறுத்தினியா?" என்று மனைவியிடம் கேட்டார்.

அவள் மறைக்கவில்லை. "பகல்ல மட்டுந்தாங்க. நீங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் நிறுத்துவேன். நீங்க வர்ற நேரத்துக்குப் போட்டுடுவேன்."

"ஏம்மா? ஏன் இப்படிப் பண்ணினே?"

"நடந்தாத்தானே மூச்சு வாங்குது? நான் சும்மாதானே படுத்திருந்தேன். சும்மா எதுவும் ஓடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். கையில் ஈர பில்டரை வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதார். அவள் குழாயோடு எட்டி, அவர் தலையைத் தடவினாள்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "இதயத்தோட வலது பக்கம் தளர்ந்து போச்சு. இனிமே ஒரு மிஷின் போதாது. இன்னொண்ணையும் சேர்த்து ஓட்டணும்."

"ஓட்டினா பழையபடி வந்துடுமா சார்?"

"வராது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்."

இரண்டு மிஷின் என்றால் நாளுக்குப் பதினேழு யூனிட். எவ்வளவு கசக்கிப் பிழிந்தாலும் பதினாறு, பதினேழு நாளில் முந்நூறும் தீர்ந்துவிடும். அணைக்க வீட்டில் இனி எதுவும் இல்லை. மனு ஒன்றுதான் கதி. மூன்று நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மின்சார அலுவலகத்து வாசலில் நின்றார். "தபால்ல வரும், போங்க" என்றார்கள்.

பத்தாம் நாள் வந்தது. இரண்டாவது மிஷின் ஓட ஆரம்பித்து அன்றைக்கு எட்டு நாள். கட்டிலோரம் உட்கார்ந்து உறையைக் கிழித்தார்.

'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. சென்ற மாதம் தங்கள் இல்லத்தின் மின் நுகர்வு 208 யூனிட் மட்டுமே. அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே தங்கள் தேவை நிறைவடைவதால் கூடுதல் ஒதுக்கீடு அவசியமில்லை எனக் கருதி மனு முடித்துவைக்கப்படுகிறது. ஆறு மாதங்களுக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். தங்கள் சிக்கனத்துக்குப் பாராட்டுகள்.'

இரண்டு தடவை படித்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"என்னங்க எழுதியிருக்கு?" இரண்டு மிஷின் சத்தத்துக்கு நடுவே அவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா ஒரு லெட்டர்."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். மகள் கல்லூரிக்குப் போன அவசரத்தில் கூடத்து ஃபேனை நிறுத்தாமல் போயிருந்தாள்.

"அதையாவது நிறுத்திட்டு வாங்க" என்றாள். "சும்மா ஓடுது."

அவர் எழுந்திருக்கவில்லை.