சரசு பக்கத்தில் வைத்த மாவு

மர்பி டவுனில் அந்தச் சந்து முழுக்க இரண்டு குளிர்காலம் இட்லி மாவு புளித்தது சரசுவின் உடம்புச் சூட்டில்தான். பெங்களூர் டிசம்பரில் மாவு லேசில் பொங்காது. போர்வை சுற்றினாலும் அடுப்போரம் வைத்தாலும் அப்படியே கிடக்கும். ஐம்பதை நெருங்கிய சரசுவுக்கு மாதவிலக்கு நின்றுகொண்டிருந்த சமயம். திடீரென்று நெஞ்சிலிருந்து உச்சந்தலைவரை அனல் ஏறும், நைட்டி தொப்பலாக நனையும். ஒருநாள் கட்டிலருகே மறந்து வைத்த மாவு காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது. அவள் புருஷன் இளங்கோவனுக்கு வாயெல்லாம் பல். பெண்டாட்டியைப் பற்றி அவன் நாலு பேரிடம் பெருமையாகப் பேசியது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

அப்புறமென்ன, எதிர்வீட்டு இட்லிக் கடை சந்திரம்மா அண்டாவையே கொண்டுவந்து வைத்தாள். சந்தே பின்னால் வந்தது. கட்டிலில் தலைமாடு கால்மாடெல்லாம் பாத்திரம். திரும்பிப் படுத்தால் கவிழ்ந்துவிடும் என்று சரசு மல்லாந்தே கிடந்தாள். தூக்கம் போயிற்று. டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னாள். எல்லாப் பொம்பளைக்கும் வருவதுதானே என்றான் இளங்கோவன். அவள் கேட்டு அவன் தட்டிக்கழித்த ஒவ்வொரு தடவையும் அவள் எடை கூடியது. ஒரு சப்பாத்தியோடு நிறுத்திப் பார்த்தாள். அப்படியும் கட்டில் கால் சிமெண்ட் தரைக்குள் இறங்கியது. வாயைக் கட்டு என்று மகள் மகாவும் சேர்ந்துகொண்டாள், அந்த மாவில் ஊற்றிய இட்லியைத் தின்றுகொண்டே. நன்றாக இருக்கிறது நியாயம்!

இந்த ஜனவரியில் ஒருநாள் காலை மாவு பொங்கவில்லை. சரசுவின் சூடு நின்றுவிட்டது. சந்திரம்மா கடை திறக்கவில்லை. சந்தே வாசலில் கூடி, திருடியைப் பார்ப்பதுபோல் சரசுவைப் பார்த்தது. இளங்கோவன் அன்றைக்கே லீவு போட்டான், ஆட்டோ பிடித்தான், அல்சூரில் ஒரு கிளினிக்குக்கு அவளைக் கூட்டிப்போனான்.

சூடு திரும்ப வர மாத்திரை இருக்கிறதா என்று கேட்டான். டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். முன்னமே வந்திருந்தால் இந்தம்மா நிம்மதியாகத் தூங்கவாவது ஏதாவது செய்திருக்கலாம் என்றார். சரசு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்திரு, போகலாம் என்றான் அவன்.

"ரெண்டு வருஷமா இட்டுனு போ, இட்டுனு போன்னு கேட்டேன். இப்பத்தான் வந்திருக்கேன். நீ போ, நான் தூங்கணும்."

அவனும் ஆட்டோக்காரரும் கம்பவுண்டரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள், அவள் கனத்துக்கு அசையவில்லை. இன்றைக்கும் அந்த பெஞ்சில்தான், ஒருக்களித்துப் படுத்துத் தூங்குகிறாள். டோக்கன் வாங்கியவர்கள் அவள் காலடியில் மிச்சமிருக்கும் இடத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்துகொள்கிறார்கள்.