சரி என்று தொட்டவள்

தேங்காய்ப் படத்தைப் பார்த்து, “மாங்கா” என்றார் நெல்லைநாயகம். அதில்லை என்று அவருக்கே தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு மறுபடி முயன்றார். மாங்காய்தான் வந்தது.

பக்கவாதத்தில் விழுந்த கைகால் தேறிவிட்டது, பேச்சுதான் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஜரினா, செல்போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். படம் வரும். அவர் பெயர் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று மனைவி ஆனந்தவல்லி தொட வேண்டும். அதை வைத்தே அவருக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று தெரிந்துகொண்டு ஆப் அடுத்த படத்தைக் கொடுக்கும். தப்பு கூடக்கூட படங்கள் எளிதாகிக்கொண்டே போயின. ஈ, பூ, பல் என்று வந்த அன்று, தாலுகா ஆபீசிலிருந்து கலெக்டருக்குப் போகும் கடிதமெல்லாம் எழுதிய மனுஷன் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் ஆனந்தவல்லி சரி என்றே தொட்டாள். ஒவ்வொரு தடவையும் மணிபோல ஒரு சத்தம் வந்தது. அவர் முகம் தெளிந்தது. ஒரு நாள் தாமாகவே செல்போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ஆப்பும் நம்பிவிட்டது. பூ மார்க்கெட் படத்தைக் காட்டி, அங்கே என்ன நடக்கிறது என்று முழுசாகச் சொல்லச் சொன்னது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியெல்லாம் வியர்த்தது. அப்புறம் தண்ணீர் கேட்கக்கூட அவர் வாய் திறக்கவில்லை.

ஜரினாவிடம் போய் ஆனந்தவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். “மனசு கேக்கலம்மா. அவுகளுக்கு எல்லாம் தெரியும். வார்த்தைதான் வரமாட்டேங்கு.”

“அது உங்களுக்குத் தெரியும்மா. ஆப்புக்கு நீங்க தொடுதது மட்டுந்தான தெரியும்?” ஜரினா கோபப்படவில்லை. ஆப்பில் பதிந்திருந்த பழையதை அழித்து, முதலிலிருந்து வைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ஆனந்தவல்லி அவர் எதிரே உட்கார்ந்தாள். “ஏங்க, தப்பையும் சரின்னு தொட்டது நாந்தான். இனிமே தொட மாட்டேன்.”

அவர் அவளையே பார்த்தார். அவளால் நிமிர முடியவில்லை. கொஞ்சம் கழித்து அவரே செல்போனைத் தம் பக்கம் இழுத்தார். கதவுப் படம் வந்தது.

“ஜன்னல்.”

அவள் விரல் திரைக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. அவர் அந்த விரலைப் பிடித்து, தப்பு என்ற இடத்தில் மெல்ல அழுத்தினார்.

அடுத்த படம் வந்துவிட்டது. இருவரும் அதைப் பார்க்கவில்லை. அவள் விரலை அவர் இன்னும் விடவில்லை.