தகடு மட்டும்

“அம்மா, அந்தத் துணிய இங்க குடுங்க. நான் தொடைக்கிறேன்” என்றான் மகன்.

“நீ போய் கொக்கியில எண்ணெய் விட்டாச்சான்னு பாரு.”

அவள் டிரெய்லரின் தளத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்கான தூசி. துணியைப் பிழியப் பிழியக் கறுப்புத் தண்ணீர் வந்தது. உள்ளே கூடத்தில் அவள் புருஷன் பெட்டியில் படுத்திருந்தார். நேற்றுக் காலையில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

“கேட்டுட்டு, கொண்டு வர்றதுக்குள்ள காணாம போறது அவருக்குப் பழக்கம்தான்” என்று அவள் சொன்னதில், துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டு, பிறகு இன்னும் பலமாக அழுதாள்.

“ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டே இருக்கும்மா. அதுலயே கொண்டு போயிடலாமே” என்றான் மகன் மறுபடியும்.

“ஆயுசு பூரா டிரெய்லர் இழுத்த மனுஷன். ஆம்புலன்ஸ்ல எதுக்கு? இனிமே பொழைக்க வைக்கப் போறாங்களா?”

“அதில்லம்மா. இது நின்னே கெடந்த வண்டி. அச்சு கிச்சு முறிஞ்சிட்டா…”

“முறியாது. இது என் வண்டி.”

மகன் அப்பாவிடம் வேலை பார்த்த வெல்டரைப் பார்த்தான். வெல்டர் தரையைப் பார்த்தான்.

ராணுவம் வேண்டாமென்று தள்ளுகிற டிரெய்லர்களைத் தேடிப் பிடித்து இழுத்து வருவதுதான் அவருடைய வேலை. வேலை என்று அவர் சொல்வார். பைத்தியம் என்று ஊர் சொல்லும். தண்ணீர்த் தொட்டி டிரெய்லர், ஜெனரேட்டர் டிரெய்லர், அடுப்பு வைத்த சமையல் டிரெய்லர் என்று வீட்டைச் சுற்றி நின்றன. கல்யாணமான புதிதில் அவளும் பொழுது போகாமல் கூடப் போகத் தொடங்கினாள். பிறகு அவள் இல்லாமல் அவர் போனதில்லை. ஏலத்தில் வண்டிக்கு அடியில் முதலில் குனிகிறவள் அவள்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கத்தி முனையால் பெயின்டைச் சுரண்டி, பச்சைக்குக் கீழே என்ன நிறம், அதற்கும் கீழே என்ன என்று சொல்வாள். எந்தப் படை, எந்தக் காலம், எங்கே கிடந்தது என்பது அந்த அடுக்குகளில் இருக்கும்.

“வண்டி நம்பர் அடிச்ச தகட்ட நம்பாத. தகடுங்கறது நாலு ரிவெட். அடிச் சட்டத்துல, சேசிஸ்ல குத்தின நம்பரைப் பாரு, பெயின்டைப் பாரு” என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

இந்த டிரெய்லர் அவள் கண்டுபிடித்தது. அப்போதிருந்த பழைய லாரி ஒரு தோப்பைத் தாண்டும்போது, கோழிக்கூட்டின் வைக்கோலிலிருந்து இரும்பு வளையம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவர் தொடையில் ஓங்கி அடித்தாள்.

“நிறுத்துங்க!”

“என்னடி, யாரு மேலயாவது ஏத்திட்டனா?”

“அது டிரெய்லர்.”

“கோழிக்கூடுடி.”

“கோழிக்குக் கூடு. நமக்கு டிரெய்லர்.”

கோழி எச்சத்தைச் சுரண்டினால் பச்சை, பச்சையைச் சுரண்டினால் மணல் நிறம். பாலைவனம் போய் வந்த வண்டி. முதன்முதலாகச் செய்த வரிசையைச் சேர்ந்தது. அதில் மிச்சமிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோழிக்காரருக்குப் புதுக் கூடு கட்டிக் கொடுத்து இழுத்து வந்தார்கள். வீட்டு வாசலில் அவிழ்த்துவிட்டதும் அவர் சொன்னார்: “இது உன்னுது. நானே கேட்டாலும் குடுக்காத.”

நகை கேட்டதில்லை அவள். வீடுகூட அவர் பேரில்தான் இருந்தது. தன்னுடையது என்று அவள் வாயால் சொல்லிக்கொண்டது இது ஒன்றைத்தான்.

“தள்ளிக்கோங்க அண்ணி, டிரெய்லர் காலைத் தூக்கணும்” என்றார் கர்னல்.

கர்னல் ஒருநாளும் ராணுவத்தில் இருந்தவரில்லை. ராணுவத் தொப்பி போட்டுக்கொண்டு டிரெய்லர் சேர்க்கிறவர். இறந்தவருக்குச் சிநேகிதர், போட்டியாளர், சீட்டாட்டத்தில் எதிரி. அவர்கள் வீட்டு லாரியைப் பின்னால் நகர்த்திக் கொண்டுவந்தாகிவிட்டது. அந்த லாரி ஒருகாலத்தில் கர்னலுடையது. பிறகு அவள் புருஷனுக்குக் கொடுத்துவிட்டார். ‘இந்தக் காலத்துல யாரு தம்பி இப்படி ஒரு லாரியத் தூக்கிக் குடுப்பா’ என்று அவள் எத்தனையோ தடவை கர்னலுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

டிரெய்லரின் முன்பக்கத் தாங்குகால் துருப்பிடித்து மடங்க மறுத்தது. வெல்டர் சுத்தியலால் நாலு போடு போட்டான். கால் மடங்கியது. அதிர்ச்சியில் சேசிஸிலிருந்து பெயின்ட் ஒரு பாளமாகப் பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது.

குனிந்து எடுத்தாள். மேல் பக்கம் பச்சை. திருப்பினாள். மணல் நிறமில்லை, சாம்பல்.

சாம்பல் கப்பற்படைக்காரர்கள் அடிப்பது.

“பொட்டி எடுத்துட்டு வரலாமா?” என்று யாரோ கேட்டார்கள்.

“இருங்க.”

அவள் முட்டி போட்டு அடியில் குனிந்தாள். “அம்மா, என்னம்மா இது, எழுந்திருங்க” என்று மகன் தோளைத் தொட்டான். கையைத் தட்டிவிட்டாள். பெயர்ந்த இடத்தில் குத்தின எண்கள் தெரிந்தன. எச்சிலைத் தொட்டுத் துடைத்தாள். தன் வண்டியின் எண் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். இதில் முதல் எண்ணே வேறு.

அக்காவுக்கு ஆபரேஷன் என்று அவள் ஒருதடவை ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது டிரெய்லருக்குப் புதுப் பச்சை அடித்து, தகட்டைப் பளபளவென்று தேய்த்து நிறுத்தியிருந்தார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பிரியமாகச் செய்து வைத்ததை யார் சுரண்டிப் பார்ப்பார்கள்? அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்தான் கூப்பிடுவார். “அந்தக் கோழிக் கதையச் சொல்லேன் இவங்களுக்கு.” அவள் இந்த இரும்பைத் தட்டித் தட்டிச் சொல்வாள். அவர் பக்கத்தில் நின்று, சரியான இடத்தில், “கோழிக்கூடுடின்னேன் நான்” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

எழுந்தாள்.

“இது எது?”

அவள் வெல்டர் பக்கம் திரும்பினாள்.

“என் தகட்ட இதுல வச்சு ரிவெட் யாரு அடிச்சா? நீயா?”

வெல்டர் சுத்தியலைக் கை மாற்றினான். “அண்ணன் சொன்னாரு அக்கா. நான் அப்பவே வேணாம்னுதான்…”

“அம்மா, இப்ப வேணாம்மா” என்றான் மகன்.

“ஓ. உனக்கும் தெரியுமா?”

“அப்பா, உங்களுக்கு மனசு கஷ்டப்படும்னு…”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும்மா. அத யாரும் பெருசா…”

கர்னல் தொப்பியைக் கழற்றினார். உள்ளே தலை வழுக்கையாக, சின்னதாக இருந்தது. “அண்ணனுக்கு அந்த லாரி மேல ஒரு கண்ணு. எனக்கு உங்க டிரெய்லர் மேல. மாத்திக்கிட்டோம் அண்ணி. அவ கண்டுபிடிச்சிட்டா சொல்லிக்கலாம்னாரு.”

“தகடு இல்லாமலா வாங்கிட்டுப் போனீங்க?”

“சேசிஸ்லதான் நம்பர் இருக்கே.”

“ஆமா. தகடு எனக்கு, வண்டி உங்களுக்கு.” அவள் லாரியைப் பார்த்தாள். “சோத்தையும் போட்டு நன்றியும் சொல்லியிருக்கேன்.”

“என் ஷெட்லதான் பத்திரமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே இழுத்துட்டு வந்துடறேன். அண்ணன் அதுலயே போகட்டும்.”

கூடத்திலிருந்து பெட்டியின் ஒரு முனை நிலைப்படிவரை வந்து நின்றது; தூக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வைப்பதா எடுப்பதா என்று தெரியவில்லை. ஒருவருக்கு மூச்சு வாங்கியது.

“வேணாம்” என்றாள் அவள். “இதுலயே ஏத்துங்க. அவருக்குத் தெரிஞ்ச வண்டி.”

ஏற்றினார்கள். பெட்டி நழுவாமலிருக்கக் கயிறு போட்டார்கள். வெல்டர் போட்ட முடிச்சு தளர்வாக இருந்தது. அவள் அதை அவிழ்த்து, இழுத்து, சரியாகப் போட்டாள். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் ஈர மண்ணை அள்ளி அப்பினாள். சாம்பல் நிறம் மறைந்தது.

கர்னல் லாரியைக் கிளப்பினார். மகன் முன்கதவைத் திறந்து பிடித்தான்.

“ஏறுங்கம்மா.”

“இந்த லாரியிலயா?”

“கார்ல வர்றீங்களா அப்போ?”

“நான் வரலப்பா.”

“அம்மா, நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“எல்லாருக்கும் தெரியும்னியே. தெரிஞ்சவங்க போயிட்டு வரட்டும்.”

அவன் கதவைப் பிடித்தபடியே நின்றான். கர்னல் ஹாரன் அடிக்கப் போய், கையை எடுத்துக்கொண்டார். பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டயர்கள் மண்ணிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பின. லாரியும் டிரெய்லரும் தெருமுனையில் திரும்ப, பின்னால் கார்களும் நடந்தவர்களும் போனார்கள்.

மருமகள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“உனக்கும் தெரியுமா?”

மருமகள் டம்ளரை நீட்டியபடியே இருந்தாள்.

அவள் அதை வாங்கிக் குடித்தாள். டிரெய்லர் நின்ற இடத்தில் புல் இல்லை. நீளச் சதுரமாக வெளுத்த மண்; அதில் வெளிச்சம் பட்டு, சின்னச் சின்னப் பூச்சிகள் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கற்கள் அங்கங்கே கிடந்தன.

“உள்ள வாங்க அத்தை. வெயில்ல நிக்காதீங்க.”

“நீ போ. வர்றேன்.”

ஒரு செங்கல்லை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, சுவரோரம் வைத்தாள். அடுத்ததை எடுத்து வந்து அதன்மேல் வைத்தாள். அது நேராக உட்காரவில்லை. திருப்பி வைத்தாள்.