குடை பிடித்த கை

"கை உன்னோடதுன்னே வச்சுக்குவோம். அப்போ மோதிரம் எங்கடா போச்சு?"

"கழட்டச் சொன்னாங்கடா. பளபளன்னு எதுவும் போட்டுக்கக் கூடாதுன்னு உதவி டைரக்டர் கத்தினாரே, மறந்துட்டியா?"

"எனக்குக் கேக்கலையே."

"எப்படிக் கேக்கும்? நீதான் காபி ஊத்துற பொண்ணையே பார்த்துக்கிட்டு நின்னியே."

"அவளைத்தான் கல்யாணமும் பண்ணிக்கிட்டேன். பேச்சை மாத்தாத, ஆர்லோ."

ஆர்லோ பேருந்தின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சன்செட் சாலையில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. மதியக் காட்சிக்கு நேரம் நிறையவே இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் தனக்கென்றே எரிவதுபோல் இருந்தது அவருக்கு. பக்கத்தில் அவருடைய நண்பர் கிளெம் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே ஜெயித்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

இளவயதில் இருவரும் ஹாலிவுட் படங்களில் கூட்டத்தோடு நிற்கிற வேலை பார்த்தவர்கள். அப்போது வந்த ஒரு உளவாளிப் படம் இன்றும் ஓடுகிறது. சான் பீட்ரோ படகுத்துறையில், குழாய் வைத்து மழை பெய்வித்து எடுத்த காட்சி அதில் உண்டு. கதாநாயகி ஒரு கைக்கு மட்டும் வெள்ளைக் கையுறை போட்டு, அதற்குள் ரகசியப் படச்சுருளை ஒளித்துக்கொண்டு கூட்டத்தில் நடந்து வருவாள். அதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியாது. திரையின் வலது ஓரத்தில் ஒரு கறுப்புக் குடையும் அதைப் பிடித்திருக்கும் ஒரு கையும் தெரியும். அவள் அங்கே நின்று, தயங்கி, பிறகு கடந்துபோவாள். குடைக்காரன் நல்லவனா எதிரியா என்று ஜனங்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள்.

அந்தக் கை என்னுடையது என்று ஆர்லோ சொல்லி வந்தார். என்னுடையது என்று கிளெமும் சொல்லி வந்தார். இருவரும் பொய் சொல்லவில்லை. அன்று எல்லோருக்கும் ஒரே மாதிரி மழைக்கோட்டு, ஒரே மாதிரி குடை. இடத்தை மாற்றி மாற்றி நிறுத்தி, விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை எடுத்தார்கள். அதில் எதை வைத்துக்கொண்டார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது பழைய நெகட்டிவைச் சுத்தம் செய்து, இத்தனை காலம் ஓரத்தில் மறைந்துபோயிருந்த பகுதியையும் சேர்த்துத் திரையிடுகிறார்கள். கையோடு முகமும் தெரியுமாம். இந்த ஊரில் இந்த ஒரு காட்சிதான். அப்புறம் படம் நியூயார்க் போய்விடும். சேதி தெரிந்த அன்றே கிளெம் பந்தயம் கட்டிவிட்டார்: தோற்றவன் இனி சாகும்வரை அந்தக் கதையை யாரிடமும் சொல்லக் கூடாது.

ஆர்லோ சரி என்றுவிட்டார். அதன்பிறகு சரியாகத் தூங்கவில்லை. வாழ்நாளெல்லாம் டயர் விற்றவர் அவர். மகள் கல்யாணத்திலும் அந்தக் கதையைத்தான் சொன்னார். பல் பிடுங்கப் போய் வாய் மரத்துக் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது டயர் மட்டும்தான்.

"கண்ணை நல்லா திறந்து பாரு," என்றார் கிளெம், அரங்கத்துப் படியில் கால் வைத்தபடி. "எனக்கு முகம்னு எதைப் பார்த்தாலும் நடுவுல ஒரே சாம்பலாத்தான் தெரியுது. எனக்கும் சேர்த்து நீதான் பார்க்கணும்."

உள்ளே ஒரு நாற்காலி காலியில்லை. வழக்கம்போல் பாதிப்பேர் கதாநாயகியைப் போலவே ஒரு கைக்கு மட்டும் வெள்ளைக் கையுறை மாட்டி வந்திருந்தார்கள். ஆர்லோவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணும் மாட்டியிருந்தாள்.

"எத்தனையாவது தடவைம்மா?"

"எண்ணுறதையே விட்டுட்டேன் சார்."

"முடிவுதான் தெரியுமே?"

"தெரிஞ்சா என்ன? இன்னைக்கு மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருக்கே!"

படம் தொடங்கியது. ஆர்லோ ஒன்றே ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தார்: படகுத்துறையில் கப்பல் ஊதியதும் திரையின் வலது ஓரத்தில் கண்ணை வைக்க வேண்டும், வேறெதையும் பார்க்கக் கூடாது. அதுவரை நாற்காலியில் நெளிந்துகொண்டே இருந்தார்.

கப்பல் ஊதியது. கிளெம் அவர் முழங்கையைக் கிள்ளினார். "வருதுடா."

ஆர்லோ ஓரத்தையே முறைத்தார். மழை. கோட்டுகள். ஈரப் பலகை. இசை நின்றுபோய், அவளுடைய காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்குப் பின்னால் ஒருவன் கோட்டுக்குள் கையை விட்டான். அவன் எடுக்கப்போவது கைக்குட்டைதான் என்று ஆர்லோவுக்குத் தெரியும். அந்த ஆளிடம் அன்று சிகரெட் வாங்கிப் புகைத்தவர் அவர். இருந்தும் கண் ஓரத்தை விட்டு அவன் கைக்குத் தாவியது. திரும்பாதே பெண்ணே, நடந்துகொண்டே இரு. அவள் நின்றாள். கையுறையை மெல்ல இழுத்துவிட்டாள். கண்கள் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தன. அரங்கத்தில் யாரும் மூச்சு விடவில்லை. ஆர்லோவும்தான். நட, நட. அவள் நடந்தாள். அத்தனை பேரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள்.

திரையில் படகின் மேல்தளம் வந்தது. கடல் வந்தது. குடை போய்விட்டிருந்தது.

ஆர்லோ வலது ஓரத்தை இப்போதுதான் பார்த்தார். வெறும் தண்ணீர்.

அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார். "குடை பிடிச்சிருந்தவன் முகத்தைப் பார்த்தியாம்மா?"

அவள் கையுறை போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! அதைப் பார்க்கணும்னுதானே சார் வந்தேன். அவ நின்னதும் எல்லாம் மறந்துபோச்சு."

பின்வரிசையிலிருந்து யாரோ உஸ் என்றார்கள். மறுபக்கத்திலிருந்து கிளெமின் மூச்சு காதருகே வந்தது.

"ஓரத்துல கறுப்பா ஏதோ தெரிஞ்சுது. அவ்வளவுதான்." குரலில் கேலி இல்லை. ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "நானா இல்லைன்னாலும் பரவாயில்லடா. நான் தாங்கிக்குவேன். நீ பார்த்ததை அப்படியே சொல்லு. அங்கே நின்னது யாரு?"