பெரியதம்பி நாற்காலியின் சூடு

பெரியதம்பி இறந்து மூன்று வருஷமாகியும் அவர் உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலி ஆறவில்லை. ரெம்பியா என்ற அந்த ஊரில் வரிசை வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக் கரீமா மட்டும் மழைக்காலத்தில் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகளைக் கொண்டுவந்து அதன்மேல் விரிப்பாள். மாலைக்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும். பெரியதம்பியின் மனைவி இந்திராதேவி தடுக்கமாட்டாள். மற்ற நாட்களில் சாப்பிட்ட கையோடு தரையில் உட்கார்ந்து, நாற்காலியின் கைப்பிடியில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். இருபத்தாறு வருஷம் அவள் அறிந்த உடம்புச் சூடு அது.

அவர் செங் என்ற பக்கத்து ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். நீராவிக் குழாய்கள் மூட்டுக்கு மூட்டு கசிந்தன. ‘பைப் போச்சோர்’, குழாய் ஒழுகுகிறது என்று மலாயில் பதினொரு வருஷம் தினமும் பதிவேட்டில் எழுதினார். மேனேஜர் தினமும் கையெழுத்துப் போட்டார், குழாயை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பாய்லரை நிறுத்தினால் நஷ்டம், எரிவாயுவோ மலிவு, வீணாக வானத்துக்குப் போகிற சூட்டுக்கு எவனும் பில் அனுப்புவதில்லை. வருஷத்துக்கு வருஷம் ஊர் கொதித்ததும் அவர்கள் பில்லில் வரவில்லை. மழையே இல்லாத ஒரு மார்ச் மாதத்தில், வெளியே நிற்க முடியாத வெயிலில், பெரியதம்பி உள்ளே குழாய்க்குக் கீழே சுருண்டு விழுந்தார். கடைசியாகக் குளிப்பாட்ட ஊற்றிய தண்ணீர் அவர்மேல் பட்டு ஆவியாகப் போனது. கம்பெனி ஒரு மலர்வளையம் அனுப்பியது.

வருஷத்தில் ஒரு நாள், அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது, பாய்லர் நின்றாக வேண்டும். அன்றைக்கு மட்டும் நாற்காலி சில்லிட்டுவிடும். முதல்முறை அது நடந்தபோது இந்திராதேவி அடுப்பே மூட்டவில்லை. மறுநாள் சூடு திரும்பிய பிறகுதான் தண்ணீர் குடித்தாள். பெரியதம்பிக்குக் கீழே வேலை செய்த வசந்தனிடம் இதைச் சொன்னாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

இந்த வருஷம் அரசாங்கம் தொழிற்சாலைகள் எரிக்கிற எரிபொருளுக்கு வரி போட்டது. கடையை மூடிவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விடுவோம் என்று முதலாளிகள் குதித்தார்கள். ஒருவரும் போகவில்லை. அதே மேனேஜர் ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்து, மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தார். ஒரு மனிதன் பதினொரு வருஷம் எழுதிக் கேட்டது, ஒரு வரிக் காகிதம் வந்ததும் நடந்தது.

பழுது பார்க்கும் வேலை வசந்தன் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தவன் காப்பியைத் தொடவில்லை.

“அக்கா, நாளைலேருந்து எல்லா ஜாயிண்டும் மாத்துறோம். அப்புறம் இந்த நாற்காலி…” நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான். “அண்ணன் விழுந்த எடத்துக்கு மேல ஒண்ணு இருக்கு. அத மட்டும் அப்படியே விட்டுடறேன் லா. யாருக்கும் தெரியாது.”

இந்திராதேவி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த எடத்துல இப்ப யாரு நிக்கிறா?”

“கவிநேசன்னு புது ஆளு. போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு.”

கைப்பிடியைத் தடவிக்கொண்டே, “அதையும் அடைச்சிரு தம்பி,” என்றாள்.

செவ்வாய்க்கிழமை நாற்காலியின் கால்கள் ஆறின. வியாழக்கிழமை முதுகு. சனிக்கிழமை மதியம் வலது கைப்பிடியில் மட்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சூடு மிச்சமிருந்தது. இந்திராதேவி அதன்மேல் கையை வைத்து, போகிறவரை எடுக்கவில்லை. “இந்த வரிய மூணு வருஷம் முன்னாடி போட்டிருந்தா என்னவாம்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

அன்று மழை. கரீமா ஈரச் சட்டைகளோடு வந்து நின்றாள்.

“ஆறிடுச்சு, கரீமா.”

“இன்னாலில்லாஹி,” என்று சாவுச் செய்தி கேட்டவளாகச் சொல்லி, கரீமா அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் எழுந்து, சட்டைகளை மின்விசிறிக்குக் கீழே கொடியில் போட்டார்கள். அவை காய மறுநாள் காலை ஆனது.